அறுபது பர்சென்ட்: இஸ்ஸா, ஆரா?

ரொம்ப நாளா கடையைப் பூட்டியே வெச்சிருந்தேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்குறது பூராவும் தேவையில்லாத ஆணிதான்னாலும் புடுங்கித்தானே ஆகணும்? போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு வந்த ஒரு போன்தான் திரும்ப இங்க கொண்டு வந்து உக்கார வெச்சிருக்கு.

போன் பண்ணது என் ஸ்கூல் தோஸ்து. ராஜபாளையத்துக்காரன். பேர் வேணாம், நேர்ல கூப்பிடற மாதிரி 'மாப்ள'ன்னே வெச்சுக்குவோம். ஊர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுல குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல இருக்கான்.

"தூங்கிட்டியாடா?"

"இல்ல மாப்ள, சொல்லு."

"டூ பர்சென்ட் ஆஃப் த கோன்ஸ்... இஸ்ஸா, ஆரா?"

நான் ஙேன்னு முழிச்சேன். யாருக்கோ உடம்பு சரியில்லையோ, கடன் கிடன் வேணுமோன்னு நினைச்சிக்கிட்டு எடுத்தா, கிராமர்!

விஷயம் இதுதான். மறுநாள் காலையில வெளிநாட்டுல இருந்து நூல் வாங்கற பார்ட்டி மில்லைப் பார்க்க வர்றாங்க. ரிப்போர்ட்டை இவன்தான் தயார் பண்ணியிருக்கான். முதல் பக்கத்துல 'டூ பர்சென்ட் ஆஃப் த காட்டன் ஆர் லாஸ்ட் அஸ் வேஸ்ட்'னு எழுதியிருந்தானாம். இவனோட டேமேஜர் 'ஆர்'ஐ அடிச்சுட்டு 'இஸ்' போட்டிருக்கார். சரி, பர்சென்ட் வந்தா இஸ்தான் போலன்னு நம்மாளு ரிப்போர்ட் பூரா 'இஸ்'ஸா மாத்திட்டான். இப்ப அதே டேமேஜர் நாலாம் பக்கத்துல 'டூ பர்சென்ட் ஆஃப் த கோன்ஸ் இஸ் ரிஜெக்டட்'ங்கறதை அடிச்சுட்டு 'ஆர்' போட்டிருக்காராம். ஏன்னு கேட்டா, "அது அப்படித்தான்ப்பா"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

"அங்கயும் ரெண்டு பர்சென்ட், இங்கயும் ரெண்டு பர்சென்ட். ஒரே ரெண்டு எப்படிடா ரெண்டு விதமாகும்?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்ங்கறதுதான் கொஞ்சம் சங்கடமான கதை. கொசுவத்திச் சுருளைச் சுத்திக்குங்க.

2014. பிளஸ் டூ. ரெண்டு பேரும் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல ரெண்டு பேருக்கும் காலாண்டுப் பரீட்சையே கிழிஞ்சு தொங்கினதால ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சார்கிட்ட டியூஷன் சேர்த்துவிட்டாங்க. சாயங்காலம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்புல மதுரை பஸ்ஸைப் பிடிச்சா, இடது பக்கம் மலை கூடவே வரும். பதினோரு கிலோமீட்டர் சொச்சம். ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணுல பட்டதும் பையை எடுத்து மாட்டிக்கணும், அதான் எங்களுக்கு ஸ்டாப் கணக்கு. சார் ரிடையர்டு வாத்தியார். அவர் வீட்டு மாடியில ஓலைக் கொட்டகை. பக்கத்துச் சந்துல பால்கோவா கிண்டுற அடுப்பு. ஆறு மணிக்கு மேல இலக்கணமும் பால் சுண்டுற வாசனையும் சேர்ந்தே வரும். பசியோட உக்காந்திருக்கறவன் எவனுக்கு மண்டையில ஏறும் சொல்லுங்க?

தீபாவளிக்கு அப்புறம் மாப்ள டியூஷனை நிறுத்திட்டான். அவங்க அப்பா சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யற தறியில இருந்தார். கொஞ்ச நாளா வேலை சரியா ஓடலை. ஃபீஸ் கட்ட வழியில்லைன்னு எங்கிட்ட சொல்லலை, "பஸ்ல போயிட்டு வர்றதுலயே நேரம் போயிருதுடா"ன்னுதான் சொன்னான். நானும் நம்பின மாதிரி இருந்துக்கிட்டேன்.

பர்சென்ட் பாடம் வந்தது ஜனவரியில.

சார் போர்டுல 'எய்ட்டி செவன் பர்சென்ட் ஆஃப் த மில்க் டேஷ் வாட்டர்'னு எழுதினார். பசும்பால்ல கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணி உண்டு. பால்காரர் ஊத்தறது தனி.

"டேய் ராஜபாளையம், எந்திரி. இஸ்ஸா ஆரா?"

"ஆர் சார்."

"ஏன்?"

"எண்பத்தேழு, ஒண்ணுக்கு மேல சார்."

கொட்டகையே சிரிச்சுது. சார் சிரிக்கலை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அங்க கடாயில கொதிக்குதே, அதுல எத்தனை பால் இருக்குன்னு எண்ணிட்டு வா"ன்னார். நான் நின்னேன். "எண்ண முடியுமா? முடியாதுல்ல? அப்ப இஸ்." அடுத்த வரி எழுதினார். 'எய்ட்டி செவன் பர்சென்ட் ஆஃப் த பாக்கெட்ஸ் டேஷ் சோல்டு'. "இப்ப அதே பால்தான், சுண்டி, கால் கிலோ கால் கிலோவா பொட்டலம் கட்டியாச்சு. எண்ணலாமா? எண்ணலாம். அப்ப ஆர்."

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே நோட்டுல எழுதி வெச்சேன். பர்சென்ட்டுக்குச் சொந்தமா ஒருமையும் கிடையாது, பன்மையும் கிடையாது. 'ஆஃப்'புக்கு அந்தப் பக்கம் யார் உக்காந்திருக்காங்கன்னு எட்டிப் பாரு. அங்க இருக்கறது ஒருமையா, பன்மையா, அதுதான் வெர்புக்கு எஜமான். முன்னாடி நிக்கற நம்பர் வெறும் வாட்ச்மேன். ஹாஃப், மோஸ்ட், ஆல், சம், எ லாட் ஆஃப், டூ தேர்ட்ஸ் ஆஃப், த ரெஸ்ட் ஆஃப் எல்லாமே இந்த வாட்ச்மேன் கோஷ்டிதான். ஹாஃப் த ரைஸ் இஸ், ஹாஃப் த இட்லீஸ் ஆர். பாதி அரிசி, பாதி இட்லி, வாட்ச்மேன் ஒருத்தர்தான்.

இதுல ஒரு வில்லன் உண்டு. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர்', ஆனா 'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ்'. 'எ' போட்டா 'பல' மாணவர்கள்னு அர்த்தம், பேச்சு மாணவர்களைப் பத்தி. 'த' போட்டா பேச்சு அந்த எண்ணிக்கையைப் பத்தி, மாணவர்கள் எக்கேடோ கெடட்டும். எண்ணிக்கை ஒண்ணுதானே, அதனால இஸ். பர்சென்டேஜுக்கும் இதே கதைதான். 'த பர்சென்டேஜ் ஆஃப் பாய்ஸ் இஸ் லோ'. வெறும் பர்சென்ட் மட்டும் தனியா நின்னு, அதுவே ஒரு அளவா இருந்தா? 'சிக்ஸ்ட்டி பர்சென்ட் இஸ் த மினிமம்'. அங்க ஆஃப்பும் இல்லை, ஆளும் இல்லை. இந்த உதாரணத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

போன்ல இவ்வளவும் சொல்லலை. பாலும் பாக்கெட்டும் மட்டும் சொன்னேன். மறுமுனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பின்னாடி ஏதோ மெஷின் இரையற சத்தம் மட்டும். அப்புறம் சொன்னான்:

"அப்ப ப்ளோ ரூம்ல இஸ், ஆட்டோகோனர்ல ஆர்."

மில்லு தெரியாதவங்களுக்காக: பஞ்சுப் பேல் பிரிச்சு முதல்ல போறது ப்ளோ ரூம். அங்க தட்டி, உதறி, தூசி எடுத்து, கார்டிங்ல சீவி, இழுத்து, முறுக்கி, ஸ்பின்னிங்ல நூலாக்கி, கடைசியா ஆட்டோகோனர்ல கோனாச் சுத்துவாங்க. முதல் ரூம்ல கிலோக் கணக்கு. கடைசி ரூம்லதான் எண்ணிக்கை வருது.

"நூல் மாப்ள? நூல் எண்ணலாம்ல? இழை இழையாத்தான் இருக்கு."

"இங்கிலீஷ்காரன் யார்னை மொத்தமாத்தான் பார்க்கறான். இஸ்."

"கிறுக்குப் பய. நாப்பதாம் நம்பர் நூல்னா ஒரு பவுண்டுல எண்ணூத்து நாப்பது கெஜச் சிட்டம் நாப்பது வரணும்னு எண்ணி வெச்சதே அவன்தான். அதுக்குப் பேரே கவுண்ட்டு. எண்ணிட்டு இஸ்ஸுங்கறானா?"

இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. சார்கிட்டயும் இருந்திருக்காது :-)

ஆனா ஏன் நம்மாளு கோனுக்கு கூசாம 'இஸ்' போட்டான்ங்கறதை நான் அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். டேமேஜர் திருத்தினது ஒரு காரணம். அவன் நாக்கு இன்னொரு காரணம். மில்லுல எவனாவது "ரெண்டு கோன்கள் உடைந்தன"ன்னு பேசுவானா? "ரெண்டு கோன் உடைஞ்சிருச்சு." ரெண்டானாலும் இருநூறானாலும் உடைஞ்சிருச்சுதான். இருநூறு மாடு வந்தாலும் "வந்துருச்சு". ஆனா ரெண்டே ரெண்டு மனுஷன் வந்தா? "ரெண்டு பேர் வந்தாங்க." அங்க மட்டும் வெர்பு டக்குன்னு நிமிர்ந்து உக்காந்துக்குது.

எழுத்துத் தமிழ்ல 'வந்தன' இருக்கு, இல்லைங்கலை. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால்னு ஸ்கூல்ல உருப்போட்டதுதானே. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல முதல் இயல் கிளவியாக்கம், அதோட ஆரம்பமே மனுஷன் உயர்திணை, மத்ததெல்லாம் அஃறிணைங்கற பிரிவுதான். அதுலயும் ஒரு அழகு உண்டு. 'மாடு'ன்னு சொன்னா ஒண்ணா பலவான்னு பெயரைப் பார்த்துத் தெரியாது. பால்பகா அஃறிணைப் பெயர்னு சொல்வாங்க. மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் கம்முன்னு இருக்கும், வெர்புதான் எத்தனைன்னு போட்டுக் கொடுக்கும். ஆனா பேச்சுல அந்த 'அன' போயே போச்சு. போய், திணை மட்டும் தங்கிருச்சு.

அதாவது இங்கிலீஷ் கேக்கற கேள்வி, "இதை எண்ண முடியுமா?" நம்ம பேச்சுத் தமிழ் கேக்கற கேள்வி, "இது மனுஷனா?" ரெண்டு கேள்வியும் வேற வேற. பாலுக்கும் பஞ்சுக்கும் ரெண்டு பேரும் ஒரே பதிலுக்கு வந்துருவாங்க. கோன், பாக்கெட், இட்லி, ஃபைல்னு எண்ணக்கூடிய ஜடப்பொருள் வரும்போதுதான் நமக்கு உதைக்குது. ரென் அண்ட் மார்ட்டின்ல பக்கம் பக்கமா ரூல் இருக்கு, நம்மாளுங்களுக்கு இடிக்கற இடம் இதுதான்னு யாராவது ஒரே வரியில சொல்லியிருந்தா எவ்வளவு பேர் பொழைச்சிருப்பாங்க!

பர்சென்ட்லயும் இதைப் பார்க்கலாம். "அறுபது சதவீதம் பாஸ்"னா அது மார்க்கா, ஆளான்னு குழப்பம். "அறுபது சதவீதம் பேர் பாஸ்"னா குழப்பமே இல்லை. முக்கால்வாசி வேலை முடிஞ்சிருச்சு, முக்கால்வாசிப் பேர் கிளம்பிட்டாங்க. ஆஃப்புக்குப் பின்னாடி எட்டிப் பார்க்கற வேலையெல்லாம் இல்லை, 'பேர்' வந்து நின்னா மனுஷன். இத்தனைக்கும் பேருங்கறது பெயர்தான். ரெண்டு பேர்னா ரெண்டு பெயர்.

சரி, இவ்வளவு வக்கணையா பேசற நான் யோக்கியமான்னா, அதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், சர்வர் நிலவரம் காட்டற ஒரு ஸ்க்ரீன் எழுதினேன். எத்தனை பர்சென்ட், எந்தப் பொருள், ரெண்டையும் ஒட்டி வாக்கியம் தயாராகணும். நம்ம மூளைதான் மூளையாச்சே: நம்பர் ஒண்ணுன்னா இஸ், இல்லாட்டி ஆர். ஒரே ஒரு இஃப், ஒரே ஒரு எல்ஸ். டெஸ்டிங்லயும் யாரும் கண்டுக்கலை. லைவுக்குப் போய் ஒரு நாள் கிளையண்ட் ஸ்க்ரீன்ல செவப்பு எழுத்துல வந்துச்சு: 'நைன்ட்டி பர்சென்ட் ஆஃப் த டிஸ்க் ஆர் ஃபுல்'. அவ்வ்வ்வ். டிஸ்க் ரொம்பினதை விட்டுட்டு எல்லாரும் 'ஆர்'ஐப் பத்திதான் மெயில் போட்டாங்க. சார் கொட்டகையில வாங்கின அதே அடி, அதே இடத்துல. வாட்ச்மேனைப் பார்த்து சல்யூட் அடிச்சுட்டேன்.

அதைச் சரி பண்ணப் போய்த்தான் ஒவ்வொரு மொழியும் எண்ணற விதத்தை யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர்.னு ஒரு தொகுப்புல சேர்த்து வெச்சிருக்கறது தெரிஞ்சுது. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் ஒருமை, பன்மைன்னு ரெண்டு வடிவம். ஜப்பான்காரனுக்கு ஒண்ணே ஒண்ணு. அரபிக்கு ஆறு! ரஷ்யாக்காரன் இருபத்தொண்ணை ஒருமை மாதிரி நடத்தறான், கடைசியில ஒண்ணு இருக்காம். பிரெஞ்சுக்காரனுக்கு ஒன்றரையும் ஒருமைதான். இவ்வளவு இருந்தும் பர்சென்ட் வாக்கியத்துக்கு அது பத்தாது, ஏன்னா அங்க நம்பர் முடிவு பண்றதில்லையே. கடைசியில ஒட்டுப் போடற வேலையையே தூக்கிட்டு, டிஸ்க்குக்கு ஒரு முழு வாக்கியம், ஃபைல்ஸுக்கு ஒரு முழு வாக்கியம்னு தனித்தனியா எழுதி வெச்சேன். 'டீம்' மட்டும் எனக்கு இன்னும் வெளங்கலை. அமெரிக்காக்காரன் டீம் இஸ்ஸுங்கறான், பிரிட்டன்ல பல பேர் ஆர்ங்கறாங்க. கிளையண்ட் எந்த ஊருன்னு பார்த்துப் போட்டுக்கறது.

சரி, அந்த 'சிக்ஸ்ட்டி பர்சென்ட் இஸ் த மினிமம்'.

நானும் மாப்ளையும் ஒரே இன்ஜினியரிங் காலேஜ். நான் கம்ப்யூட்டர், அவன் மெக்கானிக்கல். 2018-ல கேம்பஸ் இன்டர்வியூ. நோட்டீஸ் போர்டுல ஒரு கம்பெனி பேர் போட்டு, கீழ ஒரே வரி: பத்தாவது, பிளஸ் டூ, காலேஜ் மூணுலயும் அறுபது பர்சென்ட். எந்த பிராஞ்சா இருந்தாலும் வரலாம். மாப்ளைக்குப் பத்தாவது எண்பதுக்கு மேல. காலேஜ்லயும் என்னைவிட நல்ல மார்க். பிளஸ் டூவுல 1200-க்கு 714. அறுபது பர்சென்ட்னா 720. அவனுது ஐம்பத்தொன்பது புள்ளி அஞ்சு. பிளேஸ்மெண்ட் ஆபீஸ்ல போய் "ரவுண்டு பண்ணிக்கக் கூடாதா சார்"னு கேட்டான். கூடாதாம்.

நான் உள்ள போனேன். அவன் வெளிய மரத்தடியில என் பையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். சாயங்காலம் லிஸ்ட்ல என் பேர் வந்ததும் முதல்ல கையைக் குடுத்தது அவன்தான்.

அந்த 714-ல இங்கிலீஷ் 200-க்கு 103. டியூஷனை நிறுத்தினதும் அவன் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "சார் நடத்தறதை நோட்டுல எழுதுவேல்ல, ஞாயித்துக்கிழமை குடு, பார்த்து எழுதிட்டு தந்துடறேன்." ரெண்டு ஞாயிறு குடுத்தேன். மூணாவது வாரம் "மறந்துட்டேன் மாப்ள"ன்னேன். மறக்கலை. பையிலதான் இருந்துச்சு. பரீட்சை நெருங்குது, எனக்கும் படிக்கணும், இவன் எப்பவும் என்னைவிட ரெண்டு மார்க் கூட வாங்கறவன்... இப்படி என்னென்னவோ. அப்புறம் அவன் கேக்கறதையே விட்டுட்டான். பர்சென்ட் பாடம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

அப்பல்லாம் இங்கிலீஷ் ரெண்டாம் தாள்ல வாக்கியத்துல தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்ற கேள்விகள் இருந்துச்சு. அந்த நோட்டு கையில இருந்திருந்தா ஆறு மார்க் வந்திருக்குமா? வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். நான் இந்தக் கணக்கை நிறைய தடவை போட்டுப் பார்த்துட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருது.

அன்னிக்கு போன்ல அவனே அதுக்கு வந்தான்.

"இதை சார் எப்பச் சொன்னாரு? நான் இருந்தப்ப நடத்தலையே."

"ஜனவரில."

"ஓ."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டுது.

"நோட்டு கேட்டேன்ல அப்ப."

"ஆமா மாப்ள. வேணும்னேதான் குடுக்கலை."

"தெரியும்டா." கொஞ்சம் விட்டு, "சரி, அடுத்த லைனுக்கு வா. ஃபார்ட்டி பர்சென்ட் ஆஃப் த ஒர்க்கர்ஸ், கமா போட்டு, ஃப்ரம் அதர் ஸ்டேட்ஸ்னு இருக்கு. இங்க என்ன?"

"அந்தக் கமாவை எடுத்துட்டு ஆர் போடு. ஆளுங்க."

"அப்பாடா. இதுலயாவது நம்ம ஊர் மாதிரியே சொல்றானே."

பதினோரு பக்கம் இருந்துச்சு ரிப்போர்ட். ஒண்ணேகால் வரைக்கும் வரி வரியா படிச்சான், நான் இஸ் ஆர் சொல்லிட்டே வந்தேன். ஏழாம் பக்கத்துக்கு மேல அவனே சொல்லிட்டு "சரியா?"ன்னு மட்டும் கேட்டான். ஒரே ஒரு இடத்துலதான் தப்பு. 'த நம்பர் ஆஃப்'. அந்த வில்லன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஊருக்குப் போயிருந்தேன். பரண்ல ஏறி ஒரு மணி நேரம் தூசி தின்னு நோட்டைத் தேடி எடுத்தேன். அட்டையை எலி கடிச்சிருக்கு, உள்ள பத்திரமா இருக்கு. ஜனவரி பக்கங்களை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு கீழ இறங்கறதுக்குள்ள பதில் வந்துருச்சு.

"கையெழுத்து கேவலமா இருக்கு. அடுத்த பக்கம் அனுப்பு."